தொடை வலுத்தால் நினைவு நிலைக்குமா?



வயதானால் கால் தள்ளாடும் என்கிறோம். வயதானால் மறதி வரும் என்கிறோம். இரண்டையும் தனித்தனிச் சங்கதிகளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். முட்டிவலிக்கு ஒரு டாக்டர், ஞாபக மறதிக்கு இன்னொரு டாக்டர். ஆனால் முதியவரின் தசை வலிமைக்கும், குறிப்பாகத் தொடைத் தசையின் வலிமைக்கும், அவருடைய அறிவுத் திறனுக்கும் தொடர்பு இருக்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தொடர்பு எத்தகையது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், அதை வைத்து நம் வீட்டில் என்ன செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து, நாக்பூரிலேயே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்டவாளம், சிலீப்பர், ஜல்லி. ஓய்வுக்குப் பிறகு இந்த விஷயத்தில் ஆர்வம் ஏற்பட்டு, வெளியான ஆய்வுகளைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் எழுதுகிறேன்.

இதில் நமக்குத் தனி அக்கறை வேண்டியதற்குக் காரணம் உண்டு. ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று பெற்றோரை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மில் பல. நம்மில் மற்றவர்களோ ஓய்வு பெற்று நாமே முதியவர்களாகிக்கொண்டிருக்கிறோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே இது யாருக்கோ வரும் நோய் என்று இருந்துவிட முடியாது.

தசை தேய்வது கண்ணுக்குத் தெரியாது

நடுவயதைத் தாண்டியதும் உடம்பில் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது. இதற்கு ‘சார்கோபீனியா’ என்று 1980களின் இறுதியில் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் பெயர் வைத்தார். சதைக் குறைவு என்பதற்கான கிரேக்கச் சொல் அது.

அமெரிக்காவில் 70 முதல் 79 வயது வரையிலான சுமார் 1,880 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு முக்கியமான செய்தி இருந்தது. கால் தசை குறைந்த வேகத்தைவிட, கால் வலிமை குறைந்த வேகம் சுமார் மூன்று மடங்கு. அதாவது, சதை பார்வைக்கு அப்படியே இருப்பது போலத் தோன்றும். அதன் பலம் போய்க்கொண்டிருக்கும். தண்டவாளத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். பார்வைக்குத் தடம் நேராகத்தான் இருக்கும். அடியில் ஜல்லி இளகியிருப்பது, வண்டி அதன் மேல் போகும்போதுதான் தெரியும்.

நம் இந்திய உடம்புக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. புனே நகரின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டனின் டாக்டர் ஜான் யுட்கின் ஆகிய இரு ஆராய்ச்சியாளர்களும் தங்கள் படத்தையே 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் கொழுப்பு யுட்கினின் உடம்பில் 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். நம்மவர்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதற்கு இந்தப் படம் நல்ல எடுத்துக்காட்டு. முதலே குறைவாக இருக்கும் கையிருப்பு வயதாகும்போது இன்னும் கரைகிறது.

இரட்டையர்கள் தந்த பாடம்

தசைக்கும் மூளைக்கும் உள்ள உறவை ஆராய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல பலமுள்ள முதியவர் நல்ல நினைவாற்றலோடும் இருந்தால், அது தசையாலா? அல்லது பிறவி வாகாலா, சிறு வயதில் கிடைத்த சாப்பாட்டாலா, படிப்பாலா? இவற்றைப் பிரித்துப் பார்க்க இரட்டையர்கள் உதவுகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்குப் பரம்பரைக் கூறுகள் ஒன்றே. பெரும்பாலும் வளர்ந்த வீடும் ஒன்றே.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 1999இல், 43 முதல் 73 வயது வரை இருந்த 324 பெண்களைச் சோதித்தார்கள். எல்லோரும் ஆரோக்கியமான இரட்டையர்கள். காலால் வேகமாக உதைத்து அழுத்தும் கருவி ஒன்றில் கால் திறனை அளந்தார்கள். நினைவையும் சிந்தனை வேகத்தையும் கணினித் தேர்வுகளால் அளந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே தேர்வுகளை மீண்டும் வைத்தார்கள். முடிவு 2015இல் வெளியாயிற்று. தொடக்கத்தில் யாருக்குக் கால் திறன் கூடுதலாக இருந்ததோ, அவர்களுடைய அறிவுத் திறன் பத்து ஆண்டுகளில் குறைவாகவே தேய்ந்திருந்தது. அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட மற்ற வாழ்க்கைப் பழக்கங்களைவிடக் கால் திறனே இதை நன்றாக முன்கூட்டிக் காட்டியது. சில இரட்டையர் ஜோடிகளின் மூளையைப் படமெடுத்தபோதும், கால் திறன் மிகுந்தவரின் மூளை நல்ல நிலையில் இருந்தது.

இங்கே ‘திறன்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூட இயற்பியலில் படித்ததுதான். விசையோடு வேகமும் சேர்ந்தால் திறன். ஒரு மூட்டையை மெதுவாகத் தூக்குவது வலிமை. அதையே சட்டென்று தூக்குவது திறன். பேருந்துப் படியில் தடுமாறும்போது காலைச் சட்டென்று ஊன்றி நம்மைக் காப்பது இந்தத் திறன்தான். வயதானால் முதலில் போவதும் இதுதான்.

எது முந்தியது?

2009இல் சிகாகோ நகரத்து ஆய்வு ஒன்று வெளியாயிற்று. மறதி நோய் இல்லாத 900க்கும் மேற்பட்ட முதியவர்களின் தசை வலிமையை அளந்து, சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். வலிமை மிகுந்தவர்களுக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு, மிகவும் பலவீனமானவர்களைவிட 61 சதவீதம் குறைவாக இருந்தது.

இதைப் படித்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. மறதி நோய் மூளைக்குள் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த நோயே தசையைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் அல்லவா? பாலம் இளகியதால் தண்டவாளம் வளைந்ததா, தண்டவாளம் வளைந்ததால் பாலம் அதிர்கிறதா என்று கேட்பது போன்ற கேள்வி இது. இரண்டு பக்கமும் உண்மை இருக்கக்கூடும்.

மூளை காலைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. 1997இல் சுவீடன் நாட்டில் ஓர் எளிய சோதனை நடந்தது. முதியோர் இல்லத்தில் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். அவர்களில் 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நடையும் பேச்சும் சேர்ந்து வரும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்த அவர்கள் மூளைக்கு இடம் போதவில்லை. ஒற்றை வழித்தடத்தில் ஒரு வண்டியை நிறுத்தித்தானே இன்னொன்றை விட முடியும்!

அமெரிக்காவில் பணியாற்றும் இந்திய வம்சாவளி மருத்துவர் ஜோ வர்கீஸ், மெதுவான நடையும் ‘எனக்கு மறதி வருகிறது’ என்ற குறையும் ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால், பின்னாளில் மறதி நோய் வரும் அபாயம் கூடுதல் என்று 2013இல் காட்டினார். நம் நாட்டில் கோழிக்கோட்டு முதியவர்களிடமும் இது ஆராயப்பட்டுள்ளது. ஆகவே வீட்டுப் பெரியவரின் நடை மாறினால், ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் கவனிக்க வேண்டும்.

சிட்னியில் நடந்த சோதனை

எது காரணம், எது விளைவு என்று அறிய ஒரே வழி, ஒரு குழுவுக்குத் தசைப் பயிற்சி கொடுத்து, இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பது. இதை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் மரியா ஃபியாடரோன் சிங் குழுவினர் செய்தார்கள். 55 வயதுக்கு மேற்பட்ட 100 பேர். எல்லோருக்கும் லேசான மறதி இருந்தது, ஆனால் மறதி நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு நாள், ஆறு மாதம், உண்மையான எடைப் பயிற்சி. ஒருவரால் அதிகபட்சம் எவ்வளவு தள்ள முடியுமோ, அதில் 80 சதவீதம் வரை. கஷ்டமான பயிற்சிதான். மற்றவர்களுக்கு உட்கார்ந்தபடி கை காலை நீட்டி மடக்கும் லேசான அசைவுகள் மட்டும். இதோடு சிலருக்குக் கணினியில் மூளைப் பயிற்சி, சிலருக்குச் சும்மா படம் பார்ப்பது என்று பிரித்தார்கள்.

எடைப் பயிற்சி செய்தவர்களின் அறிவுத் திறன் உயர்ந்தது. பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்தும் பலன் இருந்தது. கணினி மூளைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அத்தகைய பொதுவான முன்னேற்றம் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், யாருடைய கால் வலிமை அதிகமாகக் கூடியதோ, அவர்களுக்கே அறிவுத் திறனும் அதிகமாகக் கூடியது. பயிற்சி வகுப்புக்கு வந்து போனது மட்டும் போதவில்லை. பலம் ஏற வேண்டியிருந்தது.

கனடாவின் வான்கூவர் நகரில் 65 முதல் 75 வயதுள்ள 155 பெண்களிடம் நடந்த சோதனையும் இதே திசையைக் காட்டியது. வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ ஓராண்டு எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு, கவனம் சிதறாமல் முடிவெடுக்கும் திறன் மேம்பட்டது என்று 2010இல் அறிவித்தார்கள். உடல் சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

குறுக்கெழுத்துப் போட்டி, சுடோகு ஆகியவற்றில் பொழுதைப் போக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவற்றை விடச் சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழாமல் அவற்றை மட்டுமே செய்வது போதாது என்கிறேன்.

எல்லாச் சோதனையும் வெற்றி பெறவில்லை

நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயம் அல்ல. அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுள்ள 1,635 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2015இல் வெளியாயிற்று. மிதமான நடையை முக்கியமாக வைத்த பயிற்சி அது. அறிவுத் திறனில் பயிற்சி செய்தவர்களுக்கும் வெறும் ஆரோக்கிய வகுப்புக்குச் சென்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இங்கிலாந்தில் ஏற்கனவே மறதி நோய் வந்துவிட்ட 494 பேரிடம் நடந்த சோதனை 2018இல் வெளியாயிற்று. அவர்களுக்கு எடைப் பயிற்சியும் சைக்கிள் பயிற்சியும் கொடுத்தார்கள். உடல் தெம்பு கூடியது. ஆனால் மறதியின் வேகம் குறையவில்லை.

இந்த முடிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் புலப்படுவது இதுதான்: தசை வலிமை நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல, நோய் வரும் முன் செய்ய வேண்டிய பராமரிப்பு. வண்டி தடம் புரண்ட பிறகு ஜல்லி அடித்துப் பயனில்லை. லேசான மறதி தொடங்கும் கட்டத்திலும், அதற்கு முன்பும்தான் வாய்ப்பு இருக்கிறது. மேலும், இதைச் செய்தால் மறதி நோய் வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. 2024இல் ‘லான்செட்’ குழு, திருத்திக்கொள்ளக்கூடிய 14 அபாயக் காரணங்களைப் பட்டியலிட்டது. உடலுழைப்பு இன்மை அதில் ஒன்று. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பார்வைக் குறைவு, தனிமை ஆகியவையும் அதில் உண்டு. காது மந்தமான பெரியவருக்குக் கருவி வாங்கிக் கொடுக்காமல், எடை தூக்கச் சொல்வது மட்டும் முறையாகாது.

தசையிலிருந்து மூளைக்கு என்ன போகிறது?

தொடையில் இருக்கும் தசை, தலைக்குள் இருக்கும் மூளைக்கு எப்படி உதவும் என்று கேட்கலாம். சில வழிகள் தெரிந்திருக்கின்றன.

முதலாவது, சர்க்கரை. நாம் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு வெளியே தேங்கும். தேங்கிய சர்க்கரை ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். மூளைக்குப் போகும் நுண்ணிய குழாய்களும் அதில் அடக்கம்.

இரண்டாவது, தூது. தசை வேலை செய்யும்போது பல வேதிப்பொருள்களை ரத்தத்தில் விடுகிறது. 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர் கண்டறிந்த ‘ஐரிசின்’ அவற்றுள் ஒன்று. மூளை நரம்புகளுக்கு ஊட்டம் போன்ற ஒரு புரதத்தை இத்தகைய தூதுகள் கூட்டுகின்றன என்று விலங்குச் சோதனைகளில் தெரிந்தது.

மூன்றாவது, எளிய வழி. காலில் பலம் உள்ளவர் வெளியே போவார். கோயிலுக்குப் போவார், கடைக்குப் போவார், நாலு பேரோடு பேசுவார். காலில் பலம் இல்லாதவர் வீட்டில் இருப்பார். பேச்சு குறையும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் கூடும். நம்மைப் போல் வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது வழிதான் மிக முக்கியம் என்பது என் கருத்து.

நடைப்பயிற்சி போதாதா?

“நான்தான் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேனே” என்று பலர் சொல்வார்கள். நடை மிக நல்லது. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி ஓராண்டில் 2 சதவீதம் பெருத்தது. ஆகவே நடையை நிறுத்த வேண்டாம்.

ஆனால் நடை வேறு, பலம் வேறு. ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பகுதி முழுவதும் தண்டவாளத்தின் மேல் நடந்து, தளர்ந்த சாவிகளைப் பார்த்து முடுக்குவார். அவர் நடக்காவிட்டால் ஆபத்து. ஆனால் அவர் தினமும் நடப்பதால் மட்டும் சிலீப்பருக்கு அடியில் ஜல்லி இறுகிவிடாது. அதற்கு கேங் வந்து இறங்கி அடித்து இறுக்க வேண்டும். நடை, கீமேன் வேலை. தசைக்குப் பாரம் கொடுப்பது, கேங் வேலை. இரண்டும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நடை போன்றவற்றோடு வாரம் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி, முதியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது.

“இந்த வயதில் தசை வளருமா?” என்ற சந்தேகத்துக்கு 1990லேயே பதில் கிடைத்துவிட்டது. பாஸ்டன் நகரில், மேலே சொன்ன அதே ஃபியாடரோன் அம்மையார், முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். அவர்களின் சராசரி வயது 90! கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் அவர்களுக்குப் பிள்ளைகள் வயது.

“நீங்க உட்காருங்கப்பா”

நம் வீடுகளுக்கு வருகிறேன். ஊரில் அம்மா கிணற்றடிக்குப் போனார், கொல்லையைப் பெருக்கினார், தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அப்பா வயலுக்கோ கடைத்தெருவுக்கோ கோயிலுக்கோ நாளுக்கு நாலு தடவை போய் வந்தார். அவர்களை இங்கே மூன்றாவது மாடி வீட்டுக்கு அழைத்து வருகிறோம். லிப்ட் இருக்கிறது. சோபா இருக்கிறது. டி.வி. இருக்கிறது. பக்கத்து வீட்டாரோடு பேச இந்தியும் மராத்தியும் வராது. மே மாதம் 45 டிகிரி வெயில், ஜனவரியில் குளிர்.

போதாததற்கு நம் பாசம். “அம்மா, நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தரேன்.” “அப்பா, பையை என்கிட்ட குடுங்க, நீங்க லிப்டுல வாங்க.” தண்ணீர்கூட இருக்கும் இடத்துக்கு வருகிறது. இவை எல்லாம் மரியாதையாலும் அன்பாலும் செய்வது. ஆனால் தசைக்கு மரியாதை தெரியாது. வேலை இல்லாவிட்டால் அது போய்விடும்.

எங்கள் குடியிருப்பில் எழுபதைத் தாண்டிய ஒரு மாமி இருக்கிறார். மகன் வீட்டுக்கு வந்த புதிதில் நாள் முழுவதும் கட்டிலிலேயே இருப்பார். மருமகள் கெட்டிக்காரி. “மாமி, பால் வாங்குவது இனி உங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டார். கீழே வாசலுக்கு இறங்கி, பால் பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு மாடி ஏறி வர வேண்டும். முதலில் நடுவில் நின்று நின்று வந்தார். இப்போது பால்காரரோடு பாதித் தமிழ், பாதி இந்தியில் கணக்குப் பேசிவிட்டு வருகிறார். இதை ஆராய்ச்சி முடிவு என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் பொறுப்பும் பாரமும் சேர்ந்து கொடுக்கப்பட்டதற்கு உதாரணமாகச் சொல்கிறேன். பெரியவர்களிடமிருந்து வேலையைப் பிடுங்காமல், அவர்களால் முடிந்த, கொஞ்சம் முயன்றால் முடியக்கூடிய வேலையைக் கொடுப்பதும் ஒரு மரியாதைதான்.

முதலில் அளந்து பாருங்கள்

பொறியாளனுக்கு அளவில்லாமல் வேலை ஓடாது. வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். பக்கத்தில் ஒருவர் துணைக்கு இருக்கட்டும்.

ஒன்று: ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் ஐந்து முறை முழுவதும் எழுந்து உட்காருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலிமை குறைவு என்று ஆசிய மருத்துவர் குழு 2019இல் வரையறுத்துள்ளது.

இரண்டு: தரையில் 6 மீட்டர் அளந்து கோடு போட்டு, வழக்கமான வேகத்தில் நடங்கள். 6 வினாடிக்கு மேல் ஆனால் நடை மெதுவாகிவிட்டது என்று பொருள்.

தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள்

இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், அண்மையில் கண் அறுவை சிகிச்சை, மோசமான மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

1. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல். எழும்போது சற்று வேகமாக, உட்காரும்போது மெதுவாக. முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றலாம்.

2. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல்.

3. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே படியில் ஏறி இறங்குதல். கால் மாற்றி மாற்றி.

4. சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, இரு கைகளால் சுவரைத் தள்ளுதல்.

5. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, தராசு தேவையில்லை. கைப்பிடிக்கு, ஈரத் துண்டைப் பிழிதல்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. சற்று ஓய்வெடுத்து இன்னொரு தடவை. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது மூச்சை விட வேண்டும். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும்: பையில் இரண்டு பாட்டில், பிறகு மூன்று. சிட்னிப் பாடம் இதுதான். பாரம் ஏறாவிட்டால் பலமும் ஏறாது.

ஆனால் அவசரம் வேண்டாம். ஜல்லியைச் சலித்துப் புதிதாகப் போட்ட தடத்தில் முதல் நாளே முழு வேகத்தில் வண்டி விடமாட்டோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் தொடங்கி, தடம் இறுக இறுகத்தான் வேகத்தைக் கூட்டுவோம். தொடைக்கும் அதே சட்டம்தான்.

சாப்பாட்டில் கவனம்

பயிற்சி மட்டும் செய்து புரதம் சாப்பிடாவிட்டால், ஜல்லி இல்லாமல் தடம் போட்ட கதைதான். முதியவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று நிபுணர் குழு 2013இல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார், ராத்திரிக்கு மோர் சாதம் என்று நாளை முடித்துக்கொள்ளும் பெரியவருக்கு இதில் பாதி கிடைப்பதே கடினம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலிலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவே. கெட்டிப் பருப்பு, பன்னீர், தயிர், சாப்பிடுபவர்களுக்கு மீன், கோழி என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலை மசித்துத் தரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

எனக்கு வயது 66. வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி காலையில், மேலே சொன்னவற்றைச் செய்கிறேன். நாற்காலிச் சோதனையில் இப்போது 11 வினாடி. அதை 10 ஆக்க வேண்டும் என்பது என் இப்போதைய இலக்கு.

தனியாகச் செய்தால் பத்து நாளில் அலுத்துவிடும். கூட்டமாகச் செய்தால் நிற்கும். ஆகவே சங்கத்து நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. மாதக் கூட்டம் தொடங்கும் முன் அரை மணி நேரத்தைப் பெரியவர்களுக்கு ஒதுக்கலாம். மண்டபத்தில் நாற்காலிகள் ஏற்கனவே இருக்கின்றன. வேறு செலவு கிடையாது. ஒருவர் கடிகாரம் பார்க்க, ஒருவர் நோட்டில் எழுத, ஐந்து முறை எழுந்து உட்காரலாம். நோட்டும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன். பெற்றோரை வீட்டில் விட்டுவிட்டு வரும் அன்பர்கள் அடுத்த மாதம் அவர்களையும் அழைத்து வாருங்கள். மண்டபத்து வாசலில் ஏழு படிகள் இருக்கின்றன. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏறுவதை அவர்களே ஏறட்டும்.